கத்திக்கு ஈரம் ஆகாது

டிகாக்ஷன் இறங்கி முடிவதற்குள் ஹாலிலிருந்து அந்த "மேஜர் சார்" எத்தனை தடவை வந்துவிட்டது என்று நீலாயதாட்சி எண்ணவில்லை. எண்ணினால் அதற்கும் ஒரு மரியாதை வந்துவிடும். குரல் அவள் புருஷன் கிருபாகரனுடையது. பேங்க் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பென்ஷன் வாங்க வந்த கிழவிகளைப் பார்த்து "போர்டுல என்ன போட்டிருக்கு, படிக்கத் தெரியாதா" என்று வள்ளென்று விழுந்த குரல், ரிட்டயர் ஆன பிற்பாடு வாழைப்பழத் தோல் மாதிரி ஆகிவிட்டது, யார் காலடியில் வேண்டுமானாலும் கிடக்கும். "மேஜர் சார், ஃபேன் போதுமா? மேஜர் சார், ஜன்னலைச் சாத்தட்டுமா, சாரல் அடிக்குதா?" சாரல் அடித்தால் மேஜர் என்ன அச்சு வெல்லமா, கரைந்து ஓடிப்போக? கரைந்தால் நல்லதுதான், துணியால் ஒற்றி எடுத்து வாசலில் பிழிந்துவிடலாம். அவள் ஃபில்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். போன் மிக்ஸிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது, கறுப்பாக, வாயை மூடிக்கொண்டு. டாக்டர் கையெழுத்துப் போட்டதும் பிரமிளா கூப்பிடுவாள், அக்கா மகள். "சித்தி, அம்மாவை நேரா உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாமா, இல்ல படப்பையில பாத்து வெச்ச முதியோர் ஹோமுக்கே சொல்லிடட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆம்புலன்ஸ்காரனுக்கு வழி சொல்லணும்" என்று காலையிலேயே கேட்டுவிட்டாள். அவளுக்கு லீவு முடிந்துவிட்டது, மஸ்கட்டுக்குத் திரும்ப வேண்டும். அக்காவின் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்காவுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இந்த ஆதம்பாக்கம் வீட்டில் கீழே ஓர் அறை இருக்கிறது, பாத்ரூமும் அதற்குள்ளேயே. அந்த ஓர் அறைதான். அதில் கத்திகள் இருக்கின்றன. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மனுஷி படுக்க இடமில்லை, ஏனென்றால் கத்திகள் படுத்திருக்கின்றன. அதுவும் அப்பன் பாட்டன் கத்தியாக இருந்தாலும் போகட்டும் என்று விடலாம், இவை வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கத்திகள். கத்தி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "கத்தியில்ல நீலா, வாள்." வாளாம். வெண்டைக்காய் நறுக்க முடியாத எதற்கும் பெரிய பெயர் வேண்டும்.

தட்டில் தம்ளர்களை வைத்து, போனை இடுப்பில் செருகிக்கொண்டு எடுத்துப் போனாள். சோபாவில் நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் மேஜர் ஞானமுத்து, பரங்கிமலையில் வீடு, வெள்ளை மீசையை இரண்டு பக்கமும் சீப்பு போட்டு வாரியிருந்தார், ரிட்டயர் ஆன பிறகும் அதற்கு மேலிடத்து உத்தரவு வந்துகொண்டே இருக்கும்போல. "தேங்க்யூ சிஸ்டர்" என்று தம்ளரை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் குரோம்பேட்டை டைல்ஸ் கடைக்காரர் புருஷோத்தமன், விரலுக்கு விரல் மோதிரம். அவரிடம் இவரைவிட அதிகக் கத்தி இருக்கிறதாம், குளியலறை டைல்ஸ் அடுக்குகிற மாதிரியே சைஸ்வாரியாக அடுக்கி வைத்திருப்பார். "மேடம், சர்க்கரை இல்லாம ஒண்ணு கிடைக்குமா?" என்றார். "அதுதாங்க சர்க்கரை இல்லாதது. உங்களைப் பார்த்ததுமே தெரிஞ்சுது" என்றாள். மேஜர் மீசைக்குள் சிரித்தார். கிருபாகரன் அவளை ஒரு பார்வை பார்த்தார், சபையில் பேசாதே என்கிற பார்வை, கல்யாணமான புதிதில் அதற்குப் பயந்திருக்கிறாள், அப்புறம் அது மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் போய்ச் சிறுத்துவிட்டது. "இருபத்திரெண்டு பேட்டர்ன்னா கைக்காப்பு மடங்கும்" என்று மேஜர் விட்ட இடத்தில் தொடர்ந்தார், ஆயிரத்து எண்ணூற்றைச் சொல்லவே வேண்டியதில்லை, பக்கத்துத் தெருவில் நடந்த மாதிரி. "மடங்கலைன்னா அது அம்பத்திநாலு. நிறைய பேரு இதுல ஏமாந்துடறாங்க." புருஷோத்தமன் "நான் ஏமாந்திருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னார். கிருபாகரன் ஏமாந்தவர்களுக்காக உச்சுக் கொட்டினார். மூன்று பேரில் ஒருத்தருக்கும் முழங்கால் மடங்காது, எழுந்திருக்கும்போது சோபாவுக்கே மூச்சு வாங்குகிறது, கத்திக்குக் கைக்காப்பு மடங்குகிறதா என்று விசாரிக்கிறார்கள். அவள் சமையலறைக்குப் போகாமல் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் அந்த அறையின் கதவு தெரியும், பாதி திறந்திருந்தது, சுவரில் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கினார்கள் துரைமார்கள்.

முதல் துரை வந்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து. மிக்ஸிக்கு ஜாடி மூடி வாங்கப் போன மனிதர் மூடியில்லாமல், நியூஸ்பேப்பர் சுற்றிய ஒரு நீளமான சமாசாரத்தோடு வந்தார், வெற்றிலைக் கொடிக்கு நடுகிற கம்போ என்று நினைத்தாள். "விக்டோரியா காலத்துது" என்றார். அதற்கப்புறம் ஏலம், அங்கே இங்கே பழைய பங்களாக்கள், குன்னூரில் செத்துப்போன யாரோ ஒரு ஆங்கிலோ இந்தியக் கிழவரின் மருமகள். அவருக்குக் கையில் எடுத்து வீசத் தெரியாது. தேங்காய் உடைத்தால் மூன்றாக உடையும். கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறுகிற ஆள். அவளுடைய அப்பா நாகப்பட்டினத்தில் ஒரு கதை சொல்வார், ஒரு ஊரில் ஒருத்தன் வீட்டுக் கொல்லையில் பாம்புப் புற்று இருந்ததாம், அடிக்கப் பயம், அடிக்கப் பயம் என்று வெளியே சொல்லவும் பயம், அதனால் தினமும் புற்றுக்குப் பால் ஊற்ற ஆரம்பித்தானாம், ஊரே அவனைப் பெரிய பக்திமான் என்று கும்பிட்டதாம். இவரும் ஊற்றுகிறார். ஆயுத பூஜை வந்தால் போதும், குளித்துப் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு, கீழே ஜமக்காளம் விரித்து, துரைமார்களை உறையிலிருந்து உருவி வரிசையாகக் கிடத்தி, பன்னீரில் குழைத்த சந்தனத்தை ஒவ்வொன்றுக்கும் வைத்து, அதன் மேல் குங்குமம். கைப்பிடிக்குக் கீழே ஒரு பித்தளைப் பொட்டு பதித்திருப்பானாம், செய்த பட்டறைக்காரன் இது வளைத்துப் பார்த்த கத்தி, ஒடியாது என்று வைக்கிற அடையாளம். அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் இவர் ஒரு பொட்டு வைப்பார், மாமியாருக்குப் பக்கத்தில் மருமகள் மாதிரி. யாரை வெட்டினதோ, எந்த ஊர்க்காரன் கழுத்திலிருந்து எடுத்துத் துடைத்ததோ, அதற்கு இங்கே சந்தனம், சுண்டல், கற்பூரம். வெட்டுப்பட்டவன் பேரன் வெட்டின இரும்பைக் கும்பிடுகிறான், இந்த அதிசயம் வேறு எந்த தேசத்தில் நடக்கும்? இந்தத் தடவை பூஜைக்குக் கொஞ்சம் முன்னால்தான் குன்னூர்க் கத்தி வந்தது, தோல் உறை போட்டது, அதற்கு மட்டும் பெரிய பொட்டு. சாயந்தரம் அவள் பழைய துண்டை நீட்டினாள், "துடைச்சு வைங்க, ஈரமா இருக்கு." "பொட்டை அழிக்கச் சொல்றியா? அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பா? பொட்டு தானா உதிரணும், நாம அழிக்கக் கூடாது" என்றார். அப்படியே உறைக்குள் தள்ளினார். மற்றவற்றுக்கு அமாவாசைக்கு அமாவாசை எண்ணெய் போடுவார், எண்ணெயோடு பொட்டு போனால் தோஷமில்லையாம். இந்தக் குன்னூர்க் கத்தியை மட்டும் தொடவில்லை. "நான் வந்து பார்க்கிற வரைக்கும் எண்ணெய், துணி எதுவும் படக் கூடாது" என்று மேஜர் போனில் சொல்லிவிட்டார். உத்தரவு. அவளுக்கு அப்போதே தெரியும். இரும்பு, ஈரம், தோல், ஐப்பசி மழை. உப்பு ஜாடிக்குள் ஈரக் கரண்டி போட்டால் என்ன ஆகும் என்று அறிந்தவளுக்கு இது ஒரு விஷயமா. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேண்டியதை அனுபவிக்கட்டும் என்று இருந்துவிட்டாள், அதில் ஒரு ருசியும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

போனைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அக்கா பெயர் அகிலாண்டம், பெயருக்கேற்ற மாதிரி அண்டம் முழுக்க அவளுடையது, மிச்சம் மீதிதான் நீலாவுக்கு. அக்கா கட்டிச் சலித்த பாவாடை, அக்கா படித்துக் கிறுக்கின பாடப் புத்தகம். "உனக்கு எதுக்குடி புதுசு, நீதான் வீட்டை விட்டு வெளியவே போகமாட்டியே." இப்போது அக்கா வெளியே போகமாட்டாள். சீ. அப்படி நினைக்கக் கூடாது. நினைப்பு என்ன கேட்டுக்கொண்டா வருகிறது. அக்கா வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டினால் அந்தப் பக்கம் வழிந்தது, துடைத்துவிட்டாள், அக்கா கண்ணால் பார்த்தாள், அந்தக் கண் மட்டும் பழைய அகிலாண்டம், துடைக்கிறதைக்கூடச் சரியாகத் துடைக்கவில்லை என்கிற கண். வயிற்றில் தங்காமல் போன அந்தத் தடவை, நீலா கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலுக்குக் கீழே நியூஸ்பேப்பர் விரித்துப் படுத்திருந்தவளும் அதே அக்காதான். நர்ஸிடம் சண்டை போட்டவள். ரத்தத் துணியைத் தன் கையால் அலசினவள், மூஞ்சியைச் சுளிக்காமல். அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும். விஷயம் அதுவல்ல. விஷயம் இந்த மனிதர். ஒரு அறையைக் கொடுக்க மனமில்லாத மனிதர். கேட்டாளே. முந்தாநாள் கேட்டாள். "அக்காவுக்கு அந்த ரூம் வேணுமே, கத்தியெல்லாம் மாடிக்குக் கொண்டுபோக முடியாதுல்ல?" என்று கேட்டாள். அவர் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "மாடியில மேற்குச் சுவர் ஒழுகுது. கத்திக்கு ஈரம் ஆகாது" என்றார். அவர் வாயிலேயே கத்தி என்று வந்துவிட்டது, அவ்வளவு அசட்டையாகச் சொன்ன பதில். கேட்டுவிட்டாள், பதில் வந்துவிட்டது. பிரமிளாவிடம் "சித்தப்பாகிட்ட பேசிட்டுத்தான் இருக்கேன்" என்று சொன்னாள். பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். முடியாதுல்ல என்று ஏன் கேட்டாள்? முடியுமா என்று கேட்டிருக்கலாம். வாய் அப்படி வந்துவிட்டது. ஒரு வார்த்தைதானே, முடியுமா, முடியாதுல்ல, எல்லாம் ஒன்றுதான். கேட்டாளா இல்லையா? கேட்டாள்.

"எடுத்துட்டு வாங்க கிருபாகரன், பொண்ணைப் பார்த்துடலாம்" என்றார் புருஷோத்தமன். மூன்று பேரும் சிரித்தார்கள். கிருபாகரன் அறைக்குள் போய் அந்தக் குன்னூர்க் கத்தியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார், நடையே மாறிவிட்டது, கருவறையிலிருந்து உற்சவரை எழுந்தருளப் பண்ணுகிறார். டீபாய் மேல் மஞ்சள் துண்டு விரித்திருந்தது. மேஜர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். கைப்பிடியைத் தொட்டார், பித்தளை வளைவுகளை விரலால் வருடினார், "ம்" என்றார், இன்னொரு "ம்". ஒவ்வொரு "ம்"முக்கும் கிருபாகரன் மஞ்சள் துண்டின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். "கைக்காப்பு நல்லாருக்கு. கைப்பிடியில சுத்தின சுறாத்தோல் போகலை. உறையிலயும் தையல் பழசுதான். இனிமே பிளேடுலதான் விஷயம். பொட்டு எப்படி இருக்குன்னு பாக்கணும், அதைச் சுத்தி நட்சத்திரம் இருந்தா நூத்துக்கு நூறு. உருவுங்க." அவளைப் பெண் பார்க்க வந்தபோதும் மாமியார் இப்படித்தான் "ம்" போட்டாள். பல்லைப் பார்க்க ஏதாவது கேட்டுச் சிரிக்க வைத்தாள். சரி, அது பழைய கதை, உலகத்தில் யாரைத்தான் அப்படிப் பார்க்கவில்லை. கிருபாகரன் இடது கையால் உறையைப் பிடித்தார், வலது கையால் கைப்பிடியை. இழுத்தார். முகத்தில் ஒரு புன்னகை வைத்துக்கொண்டே இழுத்தார். புன்னகை அப்படியே இருந்தது, கத்தியும் அப்படியே இருந்தது.

"கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றார். "மழைக்காலம்" என்றார் மேஜர். மறுபடி இழுத்தார், கழுத்து நரம்பு புடைத்தது. புருஷோத்தமன் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு எழுந்தார், "நான் உறையைப் புடிக்கிறேன், நீங்க அந்தப் பக்கம் இழுங்க." டைல்ஸ் கடைக்காரர் ஒரு பக்கம், ரிட்டயர்டு பேங்க்காரர் ஒரு பக்கம். பொங்கலுக்குத் தெருவில் கயிறு இழுக்கிற பிள்ளைகளுக்காவது நடுவில் கோடு போட்டிருக்கும். "வளைக்காதீங்க, நேரா இழுங்க, நேரா" என்று மேஜர் சோபாவிலிருந்து கட்டளை இட்டார், அவர் எழுந்திருக்கவில்லை, மேஜர்கள் எந்த யுத்தத்திலும் அப்படித்தான். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவேண்டிய நேரம்தான், இத்தனை நாள் காத்திருந்த சிரிப்பு. ஆனால் அவள் கண் அவர்களைத் தாண்டி அந்தக் கதவுக்குள் போனது. ஜன்னலோரம், இப்போது எண்ணெய்ப் புட்டியும் பஞ்சும் இருக்கிற மேஜை இருக்கும் இடம், அங்கேதான் மாமியாரின் கட்டில் கிடந்தது. ரப்பர் ஷீட். பெட் பேன். டெட்டால் வாசனைக்குக் கீழே இன்னொரு வாசனை, எத்தனை கழுவினாலும் கைவிரல் இடுக்கில் இருந்துகொண்டு, ரசம் சாப்பிடும்போது வாய்க்குப் பக்கத்தில் வரும் வாசனை. "நீலா. ஏ நீலா." ஒரு நாளைக்கு எத்தனை நீலா. தூக்கத்தில் நீலா. திருப்பிப் படுக்க வைத்தால் இடுப்பில் ஒரு புண், அதற்குள் வெள்ளையாகத் தெரிந்தது எலும்பா என்று கேட்க டாக்டரிடம் வாய் வரவில்லை. அகிலாண்டம் ஒரு நாள் வந்து இந்த வாசற்படியில் நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "எப்படித்தான் இருக்கியோ நீலா, என்னால முடியாதுடி" என்றாள். முடியாதாம். முடியாதென்று சொல்ல ஒரு பிறவி வேண்டும், அந்தப் பிறவி அக்காவுக்குக் கிடைத்தது. மாமியார் போய் வருஷம் திரும்புவதற்குள் கிருபாகரன் சுவரில் துளை போட ஆள் கூட்டி வந்தார், சிமெண்ட் பொடி உதிர உதிரக் கொக்கி மாட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி "அம்மா இருந்த ரூமைக் கத்திக்குக் கொடுத்துட்டாரே" என்று நீலாவுக்காக வருத்தப்பட்டாள். நீலாவும் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு எதற்கு என்று அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. கத்தி கூப்பிடாது. கத்திக்கு நாக்கு வறளாது, திருப்பிப் படுக்க வைக்க வேண்டாம், கத்தி தொங்குகிற அறையில் யாரையும் கிடத்த முடியாது. துளை போடுகிறவன் போன பிறகு அவள் அந்தச் சிமெண்ட் பொடியைப் பெருக்கினாள், பெருக்கும்போது என்னவோ பாட்டுக்கூட முணுமுணுத்தாள். இல்லை, பாட்டு இல்லை. சும்மா. அன்றைக்கு எல்லோருமே ஏதாவது முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

படக்கென்று ஒரு சத்தம். புருஷோத்தமன் கையில் உறையின் பித்தளை வாய் தனியாக வந்துவிட்டது, தோல் கிழிந்து காதுபோலத் தொங்கியது. கிருபாகரன் கையில் கத்தி ஒரு சாண் வெளியே நின்றது, அதற்கு மேல் வரவில்லை. வந்த சாணும் கத்தி இல்லை, கருவாட்டுத் துண்டு மாதிரி பழுப்பாக, செதில் செதிலாக. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஹால் முழுக்க. முதலில் மேஜர்தான் மூக்கை உயர்த்தினார். "சந்தனமா?" என்றார். அவர் குனிந்து பார்த்தார், விரல் நகத்தால் சுரண்டினார், பித்தளைப் பொட்டு இருந்த இடத்தில் பச்சைக் களிம்பு, அதைச் சுற்றி இரும்பில் சொத்தைப் பல் மாதிரி குழி. நட்சத்திரம் இருந்ததோ என்னவோ, இருந்த வானமே இல்லை. "பூஜை பண்ணீங்களா?" "ஆயுத பூஜைக்கு" என்றார் கிருபாகரன். "சந்தனத்தோடேயே உறையில போட்டுட்டீங்களா?" "பொட்டை... அழிக்கக் கூடாதுன்னு." புருஷோத்தமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. "நானும் கடையில பூஜை போடுவேன் சார்" என்றார் திரும்பாமலேயே, "ஆனா டைல்ஸ் வெட்டற மெஷினுக்கு வெப்பேன், அது தாங்கும்." மேஜர் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். செத்த வீட்டில் கை கொடுக்கிற மாதிரி கிருபாகரனின் முழங்கையைத் தொட்டு, "இதுக்கு மேல இழுக்க வேண்டாம் சார். ஒடிஞ்சிரும். இப்படியே வெச்சிருங்க" என்றார். பிறகு கண்ணாடியை மாற்றி, பையை எடுத்து, "காபி நல்லாருந்தது சிஸ்டர்" என்றார். வாசலில் குடையை விரித்தபடி அந்த இரண்டு பேரும் காருக்குப் போனார்கள். கேட்டைத் தாண்டுவதற்குள் புருஷோத்தமனின் அடக்கிவைத்த சிரிப்பு மழையோடு சேர்ந்து கேட்டது.

கிருபாகரன் டீபாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் தம்ளர்களை எடுக்க வந்தாள். நான் அப்போதே துண்டை நீட்டினேனே, என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது, எத்தனையோ நாளாகத் தீட்டி வைத்தது, ஒரு சொல்லுக்குப் பத்துப் பொட்டு அழியும். அவர் தலைமுடி பின்னால் வியர்வையில் ஒட்டியிருந்தது, கழுத்து சிறுத்துப் பள்ளிக்கூடத்துப் பையன் கழுத்து மாதிரி இருந்தது. ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு துக்கமா, சந்தைக்குப் போனால் இன்னொரு இரும்பு. அவர் தலையைத் தூக்காமலே பேசினார். "நீலா, உங்க அக்கா இன்னிக்குத்தானே டிஸ்சார்ஜ்?" "ம்" என்றாள். "இங்கயே வரச் சொல்லிடு. அந்த ரூமை எடுத்துக்கோ. நான் எல்லாத்தையும் மாடிக்குக் கொண்டுபோயிடறேன்." "மாடியில ஒழுகுதே." "ஒழுகட்டும்" என்றார். "நான் பாத்துக்கிட்ட லட்சணத்துக்கு மழை பாத்துக்கறது மோசமாயிடாது." எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அறைக்குள் போனார். கொக்கியிலிருந்து ஒன்றைக் கழற்றுகிற சத்தம், இன்னொன்று. இரண்டைத் தோளில் சார்த்திக்கொண்டு, விறகு கொண்டுபோகிறவன் மாதிரி படியேறினார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கையில் தம்ளர், அடியில் காபி வண்டல். ஒரு வார்த்தையில் கொடுத்துவிட்டார். இப்படிக் கொடுக்கிறவர் முந்தாநாள் ஏன் கொடுக்கவில்லை? முந்தாநாள் கேட்டவள் எப்படிக் கேட்டாள்? கேட்டாள். கேட்டாள்தான். இந்த மனிதருக்கு எப்போதும் நேரம் காலம் தெரியாது, வேண்டாதபோது தாராளம். அவர் திரும்பி வந்து இன்னும் இரண்டைக் கழற்றினார். சுவரில் கொக்கிகள் தெரிய ஆரம்பித்தன, அவற்றுக்கு நடுவில் கட்டில் உராய்ந்த பழைய கறை, இத்தனை நாள் கத்திகள் மறைத்திருந்தது. ஜன்னலோரம் கட்டில். தலைமாட்டில் ஃபிளாஸ்க். நீலா. ஏ நீலா. அதே கண், நீ சரியாகத் துடைக்கவில்லை என்கிற கண், காலையும் மாலையும், இன்னும் எத்தனை வருஷம், அக்காவுக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, இதயம் கல்லு மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர், நல்ல செய்தியாகத்தான் சொன்னார். அவளுக்கே அறுபது ஆகிறது. குனிந்தால் இடுப்பில் ஒரு கம்பி. அக்காவைத் தூக்கித் தூக்கி அவள் விழுந்தால் அவளை எடுத்து எந்த அறையில் போடுவார்கள், யார் போடுவார்கள். கட்டிலுக்குக் கீழே நியூஸ்பேப்பர் விரித்துப் படுக்க யார் இருக்கிறார்கள்?

போன் அடித்தது. மேஜை மேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. எடுத்தாள். "சித்தி, எல்லாம் முடிஞ்சுது. ஆம்புலன்ஸ் கீழ நிக்குது. எங்கன்னு சொல்லட்டும்?" பின்னால் லிஃப்ட் மணி, சக்கர நாற்காலியின் கிரீச், அதற்கும் பின்னால் ஒரு பக்கமாக வழிகிற குரல், "நீ... லாவா? நீலாவா?" அக்காதான். இத்தனை வயதில் அந்தப் பெயரை அக்கா இவ்வளவு மெதுவாகச் சொல்லிக் கேட்டதில்லை. "சித்தி? லைன்ல இருக்கீங்களா?" "இருக்கேன்டி" என்றாள். "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்டி பிரமிளா." குரல் அழகாக வந்தது, எங்கேயோ பழகி வைத்த மாதிரி, கடைசியில் லேசாக உடையக்கூட உடைந்தது. "சித்தப்பா அசைய மாட்டேங்கறாரு. அந்த ரூம் முழுக்க அவர் கத்தியெல்லாம்... அதை எடுக்கறதுக்குப் பதிலா என்னையே எடுத்துட்டுப் போயிடும்பாரு. உனக்குத்தான் தெரியுமே அவரை." சொல்லிக்கொண்டே திரும்பினாள். கிருபாகரன் அறை வாசலில் நின்றிருந்தார். கடைசியாக இருந்த இரண்டு கத்திகள் அவர் கைகளில் குறுக்கே கிடந்தன, குழந்தையை ஏந்துகிற மாதிரி. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. "எனக்குத் தெரியும் சித்தி" என்று பிரமிளா சொல்லிக்கொண்டிருந்தாள். "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். அந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு நீங்க பட்டது போதாதா. அம்மாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன். ஹோம் நல்ல இடம்தான், நீங்க வருத்தப்படாதீங்க." போன் அணைந்தது. அவள் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்த வேண்டும். பேங்க் கவுண்டர் குரலில் கத்த வேண்டும், அப்போது திருப்பிச் சொல்ல அவளிடம் நிறைய இருக்கிறது, துண்டு, பொட்டு, குன்னூர், வெள்ளைக்காரன், ஒரு ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்தது. அவர் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, அவளுக்குத் தெரிந்த எந்தப் பார்வையும் அது இல்லை. மேஜர் அந்த உளுத்த இரும்பைக் குனிந்து பார்த்தாரே, அந்த அளவுக்கு மெதுவாகப் பார்த்தார். பிறகு திரும்பி அறைக்குள் போனார். கொக்கியில் ஒன்று மாட்டப்படுகிற சத்தம் கேட்டது. இன்னொன்று. வெளியே வந்து, அவளைத் தாண்டி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினார், மற்றவற்றைக் கீழே கொண்டுவர.